மண் தடத்துக் கார் பந்தயம்: ஒரு கேள்வியும் நீண்டுபோன பதில்களும்

வாசகர் கேள்வி, ஏப்ரல் 9

"பென்சில்வேனியாவில் இருக்கும் என் தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். சேற்றில் இருபது கார்கள் குறுக்கே சறுக்கிக்கொண்டு வட்டமடிக்கின்றன. ஒவ்வொன்றின் தலைக்கு மேலேயும் கூரை மாதிரி ஒரு தகடு. நான் சின்ன வயதிலிருந்து சோழவரத்தில் பந்தயம் பார்த்தவன், கியர் மாற்றும் சத்தம்தான் எனக்குப் பந்தயம். எனக்கு இது ஊர்த் திருவிழா வேடிக்கை போலத்தான் படுகிறது. இதற்கு வரலாறு என்று ஏதாவது உண்டா? உருப்படியான ஓட்டுநர் ஒருவராவது இங்கிருந்து வந்திருக்கிறாரா?"

ஏப்ரல் 9, இரவு

ஊர்த் திருவிழா என்று நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. இந்தப் பந்தயம் பிறந்ததே அங்கேதான். அமெரிக்காவில் ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அறுவடைக் காலத்தையொட்டி ஒரு ஃபேர் நடக்கும். மாடு, பன்றி, பூசணிக்காய், ஜாம் பாட்டில் எல்லாவற்றுக்கும் போட்டி உண்டு, பரிசும் உண்டு. அந்தத் திடலின் நடுவில் குதிரை ஓடுவதற்கென்று அரை மைலோ ஒரு மைலோ சுற்றளவில் நீள்வட்ட மண் தடம், ஓரத்தில் வேலி, ஒரு பக்கம் மரத்தாலான பார்வையாளர் மேடை. கார் வந்தபோது அதைப் பந்தயம் விட வேறு இடம் யாரும் தேடவில்லை. தடமும் வேலியும் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலும் தயாராக இருந்தன.

1896 செப்டம்பர் 7, ரோட் ஐலண்ட் மாநில ஃபேர். நாரகான்செட் குதிரைத் தடத்தில் கார்கள் ஓடின. அமெரிக்காவில் தடத்தில் நடந்த முதல் கார் பந்தயம் அதுதான். ஜெயித்தது ரைக்கர் என்ற பேட்டரி கார்! இன்று மின்சாரக் கார் வாங்கலாமா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

அப்புறம் 1901 அக்டோபர் 10, டெட்ராய்ட் பக்கம் கிராஸ் பாயின்ட். அதுவும் குதிரைத் தடம். அலெக்ஸாண்டர் விண்டன் அன்றைக்குப் பெரிய கார் தயாரிப்பாளர், பெரிய ஓட்டுநரும்கூட. எதிரே நின்றவரின் முதல் கம்பெனி அதற்குள் மூடப்பட்டிருந்தது. விண்டனின் கார் நடுவில் மக்கர் செய்ய அந்த ஆள் முந்திக்கொண்டார். பெயர் ஹென்றி ஃபோர்டு. அந்த வெற்றியைப் பார்த்துத்தான் முதலீட்டாளர்கள் திரும்பவும் அவரிடம் வந்தார்கள். மண் தடம் இல்லையென்றால் ஃபோர்டின் கதை வேறு மாதிரிப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஏப்ரல் 10

ஓட்டுநர் ஒருவராவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். நேற்றே எழுதியிருக்க வேண்டும், தூக்கம் வந்துவிட்டது.

மரியோ ஆண்ட்ரெட்டி. இத்தாலியிலிருந்து அகதிக் குடும்பமாக 1955-இல் பென்சில்வேனியாவின் நாசரெத் ஊருக்கு வந்து இறங்கியவர். கூடவே இரட்டைச் சகோதரர் ஆல்டோ. ஐரோப்பாவில் பார்த்த பந்தயக் கனவெல்லாம் போயிற்று என்று நினைத்திருந்த பையன்களுக்கு, அந்த ஊரிலேயே அரை மைல் மண் தடம் ஒன்று இருப்பது தெரிந்தது. ஒரு 1948 ஹட்சனைத் தாங்களே பந்தயக் காராக மாற்றி 1959-இல் இறங்கினார்கள், மாற்றி மாற்றி ஓட்டினார்கள். அப்பாவுக்குத் தெரியாது. அந்தப் பருவத்தின் கடைசியில் ஹாட்ஃபீல்டு தடத்தில் ஆல்டோ மோசமாக அடிபட்டு மயக்கத்தில் கிடந்தபோதுதான் வீட்டுக்கு விஷயம் போனது.

மரியோ விடவில்லை. 1969-இல் அமெரிக்காவின் பெரிய பந்தயமான இண்டியானாபொலிஸ் 500 (சுருக்கமாக இண்டி 500) ஜெயித்தார், 1978-இல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனார். இடையில் 1974-இல், உலகப் புகழ் வந்த பிறகும், திரும்பி வந்து மண் தடத் தேசியப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனார். இதைவிட உருப்படியான ஓட்டுநரைக் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 12

நேற்று வெள்ளிக்கிழமை, வில்லியம்ஸ் குரோவ் போயிருந்தேன். பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் பக்கம் மெக்கானிக்ஸ்பர்க்கை ஒட்டிய அரை மைல் தடம். 1939 மே மாதம் திறந்தது, இன்றும் வெள்ளி இரவு என்றால் அங்கே ஸ்பிரிண்ட் கார்தான், அதாவது வீடியோவில் தலைக்கு மேல் தகடோடு சறுக்கும் அந்த வகைக் கார். கார் ஓடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அதனால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

மாலையில் தண்ணீர் லாரி சுற்றிச் சுற்றி வரும். அங்கே போட்டிருப்பது தோட்டத்து மண் இல்லை, களி. செங்கல் அறுக்க மிதித்து வைத்த மண்ணைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? விரலில் ஒட்டும், ஆனால் கரையாது. அந்தப் பதம் வரவேண்டும். தண்ணீர் அதிகமானால் சேறு, குறைந்தால் புழுதி. பிறகு ஸ்பிரிண்ட் கார்களே மெதுவாக உருண்டு தடத்தை அமுக்கிக் கொடுக்கும். அந்த நேரத்தில் சக்கரத்தில் ஒட்டும் களி அரை அங்குலக் கனத்துக்கு உரிந்து விழும். ஒரு துண்டைக் கையில் எடுத்தேன், டயர் வரி அப்படியே பதிந்திருந்தது, உள்ளே ஈரம் சில்லென்று இருந்தது.

ராத்திரி ஏற ஏற அந்த ஈரம் போய்விடும். ஆரம்பச் சுற்றுகளில் கறுத்து மின்னும் தடம், முக்கியப் பந்தயம் வரும்போது வெளுத்து வழவழவென்று ஆகியிருக்கும். பிடிமானம் இருக்கும் இடம் சுற்றுக்குச் சுற்று நகரும். டயர்கள் வாரியெறியும் உதிரி மண் வெளிப்பக்கச் சுவரை ஒட்டி ஒரு வரப்பாகச் சேரும். இதற்குக் குஷன் என்று பெயர். வலது பின் சக்கரத்தை அந்த வரப்பில் சாய்த்துக்கொண்டே முழு வேகத்தில் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சாண் தாண்டினால் சுவர். தார்த் தடத்தில் காலையில் எடுத்த கோடு சாயங்காலமும் கிட்டத்தட்ட அதே கோடுதான். இங்கே ஒவ்வொரு வளைவிலும் தரையைப் படித்தாக வேண்டும்.

ஏப்ரல் 13

சேலத்து நண்பர் கேட்டிருக்கிறார்: ஏன் குறுக்கே போகவேண்டும், நேராகத் திருப்பினால் ஆகாதா?

ஆகாது. ஸ்பிரிண்ட் காரில் டிஃபரென்ஷியல் (வளைவில் இரண்டு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் அமைப்பு) கிடையாது. இரண்டு பின் சக்கரமும் ஒரே அச்சில் பூட்டியிருக்கும், சேர்ந்தேதான் சுற்றும். வலது பின் டயரின் சுற்றளவு இடதைவிடப் பெரிது, ஆகவே கார் இயல்பாகவே இடப்பக்கம் இழுக்கும். பின்புறத்தை வெளியே வீசிவிட்டு, ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்து, ஆக்ஸிலேட்டரால் திருப்புவதுதான் முறை. சுமார் 640 கிலோ எடை, 410 கன அங்குல என்ஜின், 900 குதிரைத்திறன். கிளட்ச் இல்லை, மாற்றுவதற்கு கியர் இல்லை, ஸ்டார்ட்டர்கூட இல்லை. பின்னாலிருந்து ஒரு வண்டி தள்ளும், ஆயில் பிரஷர் முள் ஏறியதும் ஓட்டுநர் என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவின் சுவிட்சைப் போடுவார், அவ்வளவுதான். கியர் மாற்றும் சத்தம்தான் பந்தயம் என்று முதலில் கேட்ட நண்பர் எழுதியிருந்தார். அவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இருபத்துநாலு கார்கள் ஒரே கியரில் ஒரே சமயத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும் சத்தத்தை நேரில் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

ஏப்ரல் 19

"இதெல்லாம் கள்ளச் சாராயம் கடத்தியவர்கள் ஆரம்பித்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எல்லோரும் சொல்லும் கதைதான், பாதி நாட்டுக்குத்தான் பொருந்தும்.

தெற்கே, வட கரோலினா, ஜார்ஜியா பக்கம் அது உண்மை. 1949 ஜூன் 19-இல் நாஸ்கார் என்ற பந்தய அமைப்பின் முதல் ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக் பந்தயம், அதாவது கடையில் விற்கும் காரை மாற்றாமல் ஓட்டும் பந்தயம், சார்லட் மண் தடத்தில் நடந்தது. முதலில் வந்தவர் க்ளென் டனவே. பரிசோதித்தபோது காரின் பின் ஸ்பிரிங்கைச் சாராயம் ஏற்றுவதற்கு வாகாக மாற்றியிருந்தது தெரிய வந்தது. தகுதி நீக்கம், வெற்றி ஜிம் ரோப்பருக்குப் போனது. நாஸ்கார் என்றாலே தார் என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அதன் முதன்மைப் பிரிவு 1970 செப்டம்பர் 30 வரை மண்ணிலும் ஓடியது. கடைசியாக ராலேயில், ஜெயித்தவர் ரிச்சர்டு பெட்டி. பிறகு ஐம்பது வருடம் கழித்து 2021-இல் பிரிஸ்டலின் கான்கிரீட் தடத்தின் மேல் லோடு லோடாகக் களி கொட்டி மறுபடி ஓட்டினார்கள்.

ஆனால் பென்சில்வேனியா, இண்டியானா, அயோவா கதை வேறு. இங்கே இறங்கியவர்கள் விவசாயிகள், கராஜ் வைத்திருந்தவர்கள், எஃகு ஆலையில் லேத் பிடித்தவர்கள். டாமி ஹின்னர்ஷிட்ஸ் என்று ஒருவர், ஓலி என்ற ஊரில் பண்ணை வைத்திருந்தவர். வில்லியம்ஸ் குரோவ் திறந்த அன்று ஜெயித்தது அவர்தான். கிழக்கு மண்டல ஸ்பிரிண்ட் பட்டம் ஏழு முறை. மற்றவர்கள் உள்வட்டத்தில் அடித்துக்கொண்டிருக்க இவர் வேலியை உரசிக்கொண்டு மேலே போவார் என்று இங்கே வயதானவர்கள் இன்னும் கையை வீசிக் காட்டுகிறார்கள்.

ஏப்ரல் 27

லாங்ஹார்ன் பற்றித் தனியாக எழுதாமல் இந்த இழையை முடிக்க எனக்கு மனசு வராது.

ஃபிலடெல்ஃபியாவுக்கு வடக்கே, 1926 ஜூனில் திறந்தார்கள். ஒரு மைல். நீள்வட்டம் இல்லை, முழு வட்டம். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று முதலில் எனக்கும் உறைக்கவில்லை. நீள்வட்டத்தில் நேர்ப்பகுதி உண்டு, அங்கே ஓட்டுநர் ஒரு மூச்சு விடலாம், கையைத் தளர்த்தலாம், அழுத்தமானியைப் பார்க்கலாம். வட்டத்தில் அது கிடையாது. கொடி விழுந்ததிலிருந்து முடியும்வரை திரும்பிக்கொண்டே இருக்கவேண்டும், நூறு மைலும். அதுவும் பவர் ஸ்டீயரிங் இல்லாத காலம். தரையும் சமமில்லை, ஒரு பக்கம் இறக்கம். பந்தயம் போகப் போக அந்த இறக்கத்தில் குழிகள் விழுந்து கார்கள் துள்ளும். அந்த இடத்துக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயரே வாந்திப் பள்ளம். புழுதி அடங்குவதற்காக மண்ணில் எண்ணெய் ஊற்றுவார்கள், அது கண்ணாடியில் அப்பும், துடைத்தால் இன்னும் மோசமாகும்.

ஆள் விழுங்கிய தடம் அது. 1955-இல் மைக் நசாருக். 1960 ஜூன் 19-இல் ஜிம்மி பிரையன். பிரையன் சாதாரண ஆள் இல்லை, 1958 இண்டி 500 ஜெயித்தவர், மூன்று முறை தேசிய சாம்பியன். முதல் சுற்றிலேயே போய்விட்டார். லாங்ஹார்னில் இறங்க மறுத்த முன்னணி ஓட்டுநர்களும் உண்டு, அவர்களை நான் ஒரு சொல் குறைத்துச் சொல்லமாட்டேன். ஜெயித்தவர்களுக்கோ அது வாழ்நாள் முழுக்கப் பேச்சு. 1965-இல் தார் போட்டு, ஒரு பக்கத்தை நேராக்கி, ஆங்கில டி எழுத்து வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1971-இல் மூடினார்கள். இன்று அங்கே கடைகளும் பார்க்கிங்கும். நான் போய் நின்று பார்த்தேன், எந்தப் பக்கம் இறக்கம் என்றுகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வட்டத்தில் ஓடியதால்தான் இத்தனை சாவு என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு முழுக்க ஒப்புதல் இல்லை. அந்தக் காலக் காரில் தலைக்கு மேல் கம்பிக் கூண்டு கிடையாது. கார் புரண்டால் ஓட்டுநரின் கழுத்துதான் முதலில் தரையில் படும். கூண்டு பரவலானது 1970-ஐ ஒட்டித்தான். ஹெல்மெட்டும் பெல்ட்டும் மட்டும் வைத்துக்கொண்டு எந்தத் தடத்தில் ஓடினாலும் கணக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

மே 4

தலைக்கு மேலே தகடு ஏன்? அதுதான் விங். காற்று அதை அழுத்த, அது காரை மண்ணோடு அழுத்தும். 1958-இல் ஒஹையோவின் கொலம்பஸ் தடத்தில் ஜிம் குஷ்மன் முதன்முதலில் வைத்தார். இன்றைய மேல் விங்கின் பரப்பு 25 சதுர அடி.

எனக்கு விங் பிடிக்காது. வேகம் கூடிவிட்டது சரி, ஆனால் காரின் பின்புறம் வெளியே தொங்கும் அந்த அழகு குறைந்துவிட்டது.

மே 11

பழைய கார்கள் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் நான் எழுதப் போகிறேன், ஏனென்றால் நேற்று முழுக்க ஒரு மிட்ஜெட்டின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மிட்ஜெட் என்பது ஸ்பிரிண்ட் காரின் சின்னத் தம்பி. 1933-இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் முறையான பந்தயமாகத் தொடங்கியது. பொருளாதார மந்தக் காலம், சின்னக் கார், சின்னச் செலவு, கால்பந்து மைதானத்தில்கூட ஓட்டலாம். போர் முடிந்ததும் வாரத்தின் எல்லா இரவும் எங்காவது மிட்ஜெட் ஓடியது. ஃபிராங்க் கர்டிஸ் என்பவரின் பட்டறையிலிருந்து அவை நூற்றுக்கணக்கில் வந்தன.

பக்கத்துத் தெருவில் இருக்கும் பெரியவரிடம் அந்த மாதிரி ஒன்று இருக்கிறது. ஓய்வுபெற்ற மெஷினிஸ்ட், அவருடைய அண்ணன் ஓட்டிய கார். என்ஜின் ஆஃபி, அதாவது ஆஃபன்ஹவுசர். இதன் கதை இப்படி: ஹாரி மில்லர் என்ற மேதை படகுக்காக நாலு சிலிண்டர் என்ஜின் ஒன்று செய்தார், அது பந்தயக் காருக்குள் போனது. வரைந்தவர் லியோ கூசன், செய்து கொடுத்த பட்டறைத் தலைவர் ஃபிரெட் ஆஃபன்ஹவுசர். 1933-இல் மில்லர் திவாலானார். ஆஃபன்ஹவுசர் அச்சு, வரைபடம், மெஷின்களை வாங்கி அதையே தொடர்ந்து செய்தார். 1946-இல் லூயி மேயரும் டேல் டிரேக்கும் எடுத்துக்கொண்டார்கள். 1935-இலிருந்து 1976 வரை இண்டி 500-ஐ இந்த என்ஜின் 27 முறை ஜெயித்தது. அதே குடும்பத்தில் சின்ன அளவில் செய்ததுதான் மிட்ஜெட் ஆஃபி, 1934-இலிருந்து.

பெரியவர் அதைத் திறந்து காட்டினார். சிலிண்டர் பிளாக்கும் தலையும் தனித்தனி இல்லை, ஒரே வார்ப்பு. ஹெட் கேஸ்கட் என்ற ஒன்றே இல்லை, ஆகவே அழுத்தத்தை எவ்வளவு ஏற்றினாலும் அங்கே ஊதிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் வால்வு வேலை என்றால் சிலிண்டருக்குள் கீழேயிருந்து கைவிட்டுச் செய்யவேண்டும். அதற்கென்று வளைந்த கருவிகள் வைத்திருக்கிறார், சிலது அவரே லேத்தில் கடைந்தது. வார்ப்பின் வெளிப்பக்கத்தில் மணல் அச்சின் சொரசொரப்பு இன்னும் விரலுக்குத் தெரிகிறது. உள்ளே வால்வு உட்காரும் இடம் மட்டும் கண்ணாடி மாதிரி.

மே 12

நேற்று எழுதாமல் விட்டது: அதைக் கிளப்பினார்கள். பெரியவரின் மருமகன் பிக்கப் லாரியில் பின்னாலிருந்து தள்ள, தெரு முனையில் பிடித்துக்கொண்டது. எண்ணெய்யில் ஆமணக்கு கலந்தது, அதனால் தெரு முழுக்க விளக்கெண்ணெய் காய்ச்சிய வாசனை. எங்கள் அம்மா இருந்திருந்தால் யார் வீட்டில் குழந்தைக்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்டிருப்பார். எரிபொருள் மெத்தனால், பகலில் தீப்பிடித்தால் சுவாலை கண்ணுக்குத் தெரியாது, ஆகவே ஒருவர் வாளியில் தண்ணீரோடு கூடவே ஓடினார். மெத்தனால் தண்ணீரில் கலந்துவிடும், தண்ணீர் ஊற்றினாலே அணைந்துவிடும்.

மே 25

மிட்ஜெட் பற்றி இரண்டு பேர் கேட்டிருப்பது ஒரே கேள்வி: "அது ஒரிஜினலா?"

பழைய பந்தயக் கார் சந்தையில் இந்தக் கேள்விக்கு ஏகப்பட்ட விலை. என் பதிலைச் சொல்கிறேன். மண் தடக் கார் என்பது வாராவாரம் உடைந்து வாராவாரம் ஒட்டவைத்த கருவி. பெரியவரின் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஃபோர்டின் 60 குதிரைத்திறன் வி8 இருந்தது. பணம் சேர்ந்ததும் ஆஃபி வந்தது. முன்பக்கம் ஒரு விபத்தில் போய், வேறு ஒருவரின் காரிலிருந்து அறுத்து வைத்தார்கள். சட்டத்தில் பித்தளை வைத்துப் பற்றவைத்த மூட்டும் இருக்கிறது, பின்னாளில் ஆர்க் வெல்டிங் அடித்த மூட்டும் இருக்கிறது. பக்கத் தகட்டைச் சுரண்டினால் வெள்ளைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே சிவப்பு, மூன்றுக்கும் மூன்று எண். எந்த வருடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவது? 1947-க்கா, அண்ணன் ஜெயித்த 1953-க்கா?

சிலர் புத்தம் புதிது போல மெருகேற்றி, குரோம் பூசி, மரத்தளத்தில் நிறுத்துகிறார்கள். அந்தக் கார் அப்படி ஒரு நாள்கூட இருந்ததில்லை. தட்டிச் சரிசெய்த நெளிவையும் ஒட்டுப் போட்ட இடத்தையும் எடுத்துவிட்டால் அந்தக் காரின் பந்தயங்களையே எடுத்துவிட்டது போல. பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிவப்பு வேண்டும் என்கிறார், அண்ணன் ஓட்டியபோது சிவப்பு. அவருடைய கார், அவருடைய அண்ணன், நான் மேலே பேசவில்லை. ஆனால் இடது பக்க வால் தகட்டை மட்டும் அப்படியே விட்டுவிடச் சம்மதித்திருக்கிறார்.

ஓடாமல் நிறுத்தி வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. யார்க் ஸ்பிரிங்ஸ் ஊரில் கிழக்குப் பந்தய அருங்காட்சியகம் இருக்கிறது, அதைச் சேர்ந்த லாட்டிமோர் பள்ளத்தாக்குத் திடலில் பழைய மண் தடத்தைச் சீர்செய்து வைத்திருக்கிறார்கள். அங்கே இந்தக் கார்கள் நிஜமாகவே மண்ணில் ஓடுகின்றன, போட்டிக்காக இல்லை, ஓடுவதற்காக. அயோவாவின் நாக்ஸ்வில்லில் ஸ்பிரிண்ட் கார் அருங்காட்சியகம் 1992-இல் திறந்தது, தடத்துக்குப் பக்கத்திலேயே. 1961-இலிருந்து தேசியப் போட்டி நடக்கும் ஊர். உள்ளே பழைய காரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் புதிய கார் ஓடுகிறது.

ஜூன் 1

"விவசாயி, மெக்கானிக், யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், அதுதான் அழகு" என்று ஒரு நண்பர் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். யார் வேண்டுமானாலும் இல்லை. பெரிய பந்தயங்களை நடத்திய ஏஏஏ அமைப்பு கறுப்பின ஓட்டுநர்களைச் சேர்க்கவில்லை. அவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்து, 1924-இலிருந்து 1936 வரை இண்டியானா மாநில ஃபேர் திடலின் ஒரு மைல் மண் தடத்தில் தங்கம்-புகழ் என்ற பெயரில் நூறு மைல் பந்தயம் நடத்தினார்கள். சார்லி விக்கின்ஸ் அதை நான்கு முறை ஜெயித்தார். இண்டியானாபொலிஸில் கராஜ் வைத்திருந்த முதல்தர மெக்கானிக், தன் காரைத் தானே கட்டியவர். 1936 பந்தயத்தில் கார்கள் மோதிக் குவிந்ததில் ஒரு கால் போயிற்று. அதோடு அந்தப் பந்தயமும் நின்றது. அதன்பிறகும் அவர் வருடக்கணக்கில் இளைஞர்களுக்கு மெக்கானிக் வேலை கற்றுக்கொடுத்தார். அதே ஊரில் சில மைல் தள்ளி இருக்கும் இண்டி 500 தடத்தில் அவரால் ஒரு முறைகூடப் போட்டியிட முடியவில்லை. 1903-இல் பார்னி ஓல்டுஃபீல்டு வட்டத் தடத்தில் ஒரு மைலை ஒரு நிமிடத்துக்குள் முதன்முதலாக ஓட்டியதும் விக்கின்ஸ் ஓடிய அதே ஃபேர் திடலில்தான். ஓல்டுஃபீல்டு பெயர் எல்லோருக்கும் தெரியும். விக்கின்ஸ் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜூன் 8

விங் பற்றி மே 4-இல் எழுதியது என்னை உறுத்திக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மூன்றாம் வளைவில் ஒரு கார் பல்டி மேல் பல்டி அடித்தது. ஒவ்வொரு முறை தரையில் படும்போதும் விங் நசுங்கியது, அந்த வேகத்தை அது வாங்கிக்கொண்டது. கடைசியில் தகடு கிழிந்த காகிதமாகத் தொங்க, ஓட்டுநர் தானே பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கி நடந்தார். கண்ணுக்கு அழகு குறைவு என்பது இன்னும் என் கருத்துதான். ஆனால் லாங்ஹார்ன் பெயர்ப் பட்டியலை எழுதிய கையால் விங் வேண்டாம் என்று எழுத இனி மனம் வராது.

ஜூன் 22

முதல் கேள்வி கேட்ட நண்பர் மறுபடி வந்திருக்கிறார்: "ஆண்ட்ரெட்டி சரி, ஆனால் மண் தடக் காரைத் தாரில் விட்டால் தாங்குமா?"

1965 ஆகஸ்ட். அன்றைய முன்னணி ஓட்டுநர் ஏ. ஜே. ஃபாய்ட் ஸ்பிரிங்ஃபீல்டு மண் தடத்தில் ஓடிவிட்டு மறுநாள் மில்வாக்கி தார்த் தடத்துக்கு வந்தார். அவருடைய தார்த் தடக் கார் வந்து சேரவில்லை. மற்றவர்கள் அதற்குள் பின் என்ஜின் கார்களுக்கு மாறியிருந்தார்கள். ஃபாய்ட் முந்தின நாள் ஓட்டிய முன் என்ஜின் மண் தடக் காரிலிருந்து சேற்றைக் கழுவி, சக்கரங்களை மாற்றி, அதையே இறக்கினார். தகுதிச் சுற்றில் அவர்தான் முதலிடம். பந்தயத்தில் இரண்டாவது.

ஆனாலும் காலம் அந்தப் பக்கம் நிற்கவில்லை. 1970-இல் சாக்ரமெண்டோவில் ஆல் அன்சர் ஜெயித்த பந்தயத்தோடு தேசிய சாம்பியன்ஷிப் பட்டியலிலிருந்து மண் தடங்களை எடுத்துவிட்டார்கள். பெரிய பணமும் டிவியும் தாரோடு போயின. பிழைத்தது உள்ளூர்ப் பந்தயம்தான். 1978-இல் டெட் ஜான்சன் வேர்ல்டு ஆஃப் அவுட்லாஸ் என்று ஊர் ஊராகப் போகும் ஸ்பிரிண்ட் தொடரை ஆரம்பித்தார். அதில் ஸ்டீவ் கின்சர் இருபது முறை சாம்பியன். அந்தக் குழு எங்கள் பக்கம் வரும்போது உள்ளூர் ஓட்டுநர்கள் அவர்களைத் தோற்கடிக்க வரிந்துகட்டி நிற்பார்கள். இவர்களுக்கு பென்சில்வேனியா போஸ்ஸி (அவுட்லாக்களைத் துரத்திப் பிடிக்கும் படை) என்று பெயர். அன்றைக்கு மேடையில் உட்கார இடம் கிடைக்காது.

தடங்கள் ஏன் மூடுகின்றன என்றும் ஒருவர் கேட்டார். நிலம், வேறென்ன. ரெடிங் ஃபேர் திடலில் 1924-இலிருந்து ஓடிய அரை மைல் தடத்தை 1979-இல் மூடினார்கள், அங்கே மால் வந்தது. பிறகு அந்த மாலும் மூடிவிட்டது. போர்ட் ராயல் மாதிரி சில தடங்கள் இன்னும் கவுண்டி ஃபேர் திடலுக்குள்ளேயே இருக்கின்றன. ஃபேர் நடக்கும்வரை திடலை விற்கமாட்டார்கள். என் கணிப்பில் இந்தத் தடங்களைக் காப்பாற்றுவது பூசணிக்காய்ப் போட்டியும் மாட்டுக் கொட்டகையும்தான்.

ஜூலை 6

முதல் கேள்வி கேட்ட நண்பர் தம்பி வீட்டுக்கு ஆகஸ்டில் வருகிறாராம், எங்கே போகலாம் என்கிறார். வெள்ளி என்றால் வில்லியம்ஸ் குரோவ், சனி என்றால் போர்ட் ராயல் அல்லது அபட்ஸ்டவுனில் லிங்கன். மழை பெய்தால் ரத்து, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். வளைவுக்கு நேரே கீழ்வரிசையில் உட்காரவேண்டாம், களிக்கட்டி வந்து விழும், வெள்ளைச் சட்டையும் வேண்டாம். காதுக்கு அடைப்பான் கட்டாயம், குழந்தைகள் வந்தால் பெரிய காது மூடியே வாங்குங்கள். சீக்கிரம் போய் தண்ணீர் லாரி சுற்றுவதைப் பாருங்கள். பந்தயம் முடிந்ததும் பெரும்பாலும் கார்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் பிட் பகுதிக்குள் விடுவார்கள், ஓட்டுநர்களிடம் நேரில் பேசலாம். சோழவரத்தில் ஓடிய கார்களின் படம் ஏதாவது கைவசம் இருந்தால் கொண்டுவாருங்கள், மிட்ஜெட் பெரியவர் கேட்டிருக்கிறார்.